அயல்மீன் ஒழிப்புச் செம்மல்

மன்றத் தலைவர் மதிப்பிற்குரிய சிவராமகிருஷ்ணன் அவர்களே, தந்தையை இழந்த துயரத்தோடு டொராண்டோவிலிருந்து வந்து நம் நடுவே அமர்ந்திருக்கும் அன்பு மகள் கீதாஞ்சலி அவர்களே, அவர் குடும்பத்து உறவினர்களே, சனிக்கிழமை மாலை நெரிசலில் நீந்தி நியூ டவுனிலிருந்தும் சாந்த்ராகாச்சியிலிருந்தும் வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களே, தமிழ் புரியாவிட்டாலும் கடைசி வரிசையில் அமர்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் வங்காள நண்பர்களே, உங்கள் அனைவரையும் நாட்டு மீன் நண்பர்கள் மன்றத்தின் செயலாளர் மகேஸ்வரி வணங்குகிறேன்.

எனக்குப் பின்னால் தொங்கும் பேனரைப் பாருங்கள். ‘அயல்மீன் ஒழிப்புச் செம்மல் செந்தில்நாதன் அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று போட்டிருக்கிறது. அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர்கள் யார்? நாம்தான். ஆண்டு விழாவில், இதே மேடையில், பொன்னாடை போர்த்தி, அகர்பத்தி ஏற்றி, கைதட்டிக் கொடுத்தோம். அவரும் இரு கை கூப்பி வாங்கிக்கொண்டார். சபையோரே, அந்தப் பட்டம் பொய்! கலப்படமே இல்லாத பொய்! அந்தப் பொய்யின் மறுபாதி இந்த நிமிடம் நியூ டவுனில் அவருடைய வீட்டில் நீந்திக்கொண்டிருக்கிறது. கீதாஞ்சலி அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். அங்கே இருக்கும் மீன்கள் வாழ்வதா சாவதா என்று இந்தக் கூட்டம் கலைவதற்குள் முடிவாக வேண்டும். அழுவதற்கு மட்டும் நான் இந்த மைக்கைப் பிடிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உறவினர்களுக்கு நம் மன்றம் என்ன செய்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். வாசலில் ஒரு பெரியவர் என்னிடம், “மீன் பிடிக்கிற சங்கமாமே, அப்போ கூட்டம் முடிஞ்சதும் சாப்பாடு உண்டா?” என்று கேட்டார். இல்லை ஐயா. நாங்கள் தின்பதற்காகப் பிடிப்பவர்கள் அல்ல. கொல்கத்தாவில் இருந்துகொண்டு மீனைத் தின்னாமல் பார்ப்பது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

குளிர்காலம் வந்தால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சியால்தாவில் லோக்கல் ட்ரெயின் ஏறி ரானாகாட் போவோம். அங்கிருந்து டோட்டோ என்கிற பேட்டரி வண்டி பிடித்தால் சூர்ணி ஆறு. முழங்கால் தண்ணீரில் இறங்கி, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து வலையை இழுப்போம். உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கெண்டை வரும். எலும்பு வெளியே தெரியும்படி உடம்பெல்லாம் கண்ணாடியாக இருக்கும் சாந்தா மீன் வரும். கொல்ஷே என்று வங்காளத்தில் சொல்கிற, நூல் போல மீசை தொங்கும் அழகான சின்ன மீன் வரும். சிலவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைப்போம். வெளிநாட்டு மீன் வாங்கக் கடைக்குக் கிளம்புபவர்களை மறித்து, “நம்ம ஆத்து மீன் இருக்கு, இதை வளருங்க” என்று கையில் திணிப்போம். மிச்சத்தைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவோம். இதுதான் எங்கள் தொழில், இதுதான் எங்கள் பித்து.

இந்தப் பித்துக்குத் தலைமைப் பித்தர் செந்தில்நாதன் சார். சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில் பிறந்து, ரயில்வே சிக்னல் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி நாகலக்ஷ்மி காலமான பிறகு, மகள் வாங்கிக் கொடுத்த நியூ டவுன் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனார். மகள் கனடாவில். அந்த உயரத்தில் அவர் ஒருவர். அப்போதுதான் நம் மன்றத்துக்கு வந்தார்.

குளிர்ந்த தண்ணீரில் முதலில் இறங்கியவர் யார்? செந்தில்நாதன். எல்லோரும் கரையேறிய பிறகு வலையை அலசிக்கொண்டு கடைசியில் ஏறியவர் யார்? செந்தில்நாதன். மீனவர்கள் அவரை அண்ணன் முறையில் கூப்பிட்டு, “தாதா, இந்தப் பொடி மீனை வெச்சு என்ன பண்ணுவீங்க?” என்று கேலி செய்தபோது, பீடிக்கு நெருப்புக் கொடுத்து அவர்களோடு உட்கார்ந்து பேசி, அடுத்த முறை அவர்களையே வலை பிடிக்க வைத்தவர் யார்? அவரேதான்! ஆனால் இவற்றுக்காக நாம் அவருக்குப் பட்டம் கொடுக்கவில்லை. வேறு ஒன்றுக்காகக் கொடுத்தோம்.

நம் மன்றத்தில் கடுமையான விதி ஒன்று உண்டு. வலையில் அயல் மீன் வந்தால் அது மறுபடி ஆற்றுக்குள் போகக்கூடாது. மீன் கடைகளில் டேங்க் கிளீனர் என்று விற்கும் சக்கர் மீனைப் பார்த்திருப்பீர்கள். வாங்கும்போது விரல் நீளம். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைத் தின்னும். வீட்டில் ஒரே கொண்டாட்டம். அது முழங்கை நீளம் வளர்ந்து தொட்டியை அடைத்துக்கொண்டதும் கொண்டாட்டம் முடிந்துவிடும். கொல்ல மனம் வராது. பக்கத்துக் குளத்தில் விட்டுவிட்டு, புண்ணியம் செய்த நிம்மதியோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மழைத் தண்ணீரோடு அது ஆற்றுக்குப் போகும். அங்கே நம் மீன்களின் முட்டையைத் தின்னும். அதன் முரட்டு முள் பட்டு மீனவர்களின் வலை கிழியும். அவர்கள் எரிச்சலில் அதைக் கரையில் வீசுவார்கள். வெயிலில் கிடந்து அது சாவதற்கு வெகுநேரம் பிடிக்கும்.

முதல் முறை அது நம் வலையில் வந்தபோது நாம் என்ன செய்தோம்? விதியை எழுதிய வீரர்கள் நாம்தானே! தலைவர் வானத்தைப் பார்த்தார். நான் வலையிலிருந்த பாசியை மும்முரமாகப் பிடுங்க ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் நம் மாதவ், கோணம் மாற்றி மாற்றிப் போட்டோ எடுத்தார். செந்தில்நாதன் சார்தான் குனிந்து அதைக் கையில் எடுத்தார்.

“மேடம், அந்த வாளிய கொஞ்சம் இப்படித் தள்ளுங்க.”

“எதுக்கு சார்? இங்கயே முடிச்சுடலாமே.”

“வேணாம் வேணாம். வீட்டுக்குக் கொண்டுபோய் நான் பாத்துக்கறேன். குழந்தைங்க பாக்குது.”

அன்று எங்களோடு ஒரு குழந்தையும் வரவில்லை. ஆற்றங்கரையிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை குழந்தை கிடையாது. ஆனாலும் யாரும் கேட்கவில்லை. வேண்டாத வேலையைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ள ஒருவர் கிடைத்துவிட்டால் எவனாவது குறுக்குக் கேள்வி கேட்பானா?

அன்றிலிருந்து அது அவர் வேலையாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் பழைய பெயிண்ட் வாளி ஒன்றில் சக்கர் மீன்களைப் போட்டு மூடி எடுத்துப் போவார். ரானாகாட் பிளாட்பாரத்தில் மாதவ் வம்புக்கு இழுப்பார். “எமதர்மராஜா, பாசக்கயிறு பத்திரம்!” அவர் சளைக்காமல் பதில் சொல்வார். “எரும மாடுதான் இன்னும் கிடைக்கலப்பா. அதான் லோக்கல் ட்ரெயின்ல போறேன்.” ரயில் நெரிசலில் வாளியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, இடிப்பவர்களிடம் எல்லாம், “தாதா, ஏக்டு சோருன்” என்று தள்ளி நிற்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டே வருவார்.

அந்த வாளியின் மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள் இருந்தன. நம் கண்ணால் பார்த்தோம். சாகப் போகிற மீனுக்குக் காற்று எதற்கு? இந்த அரங்கம் நிறைய மீன் நிபுணர்கள்! தண்ணீரில் உப்பு எவ்வளவு, காரம் எவ்வளவு என்று நாக்கில் வைத்தே சொல்லிவிடக்கூடிய மேதாவிகள்! ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. சியால்தாவில் இறங்கியதும் அவர் பை நிறைய வெள்ளரிக்காய் வாங்குவார். “சுகருக்கு நல்லது மேடம்” என்பார். நானும் அவர் பேச்சை நம்பி ஒரு வாரம் வெள்ளரிக்காயாகவே தின்று தீர்த்தேன்.

இன்னொன்றையும் பார்த்தோம். பிடித்த நாட்டு மீன்களைப் பங்கு பிரிக்கும்போது அவர் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டார். கொல்ஷே என்றால் அவருக்கு உயிர். வலையில் ஒன்று மின்னினால் போதும், அந்த முகம் மலர்வதைப் பார்க்கவே நான் அவர் பக்கம் போய் நிற்பேன். ஆனால் பையில் போட்டுக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். “எனக்கு இடமில்ல மேடம். மாதவுக்குக் குடுங்க.” எத்தனை பெருந்தன்மை என்று வியந்தோம். ஆண்டு விழாவில் செம்மல் பட்டமும் கொடுத்தோம். அவர் மனதுக்குள் எப்படிச் சிரித்திருப்பார்!

சபையோரே, இனிமேல் சொல்வதை நான் சிரிக்காமல்தான் சொல்ல வேண்டும்.

இந்தத் திங்கட்கிழமை மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது.

“மேடம், ஞாயித்துக்கிழமை நான் வர முடியாது போலிருக்கு.”

“ஏன் சார்? எங்க இருக்கீங்க?”

“கேப்ல. நெஞ்சு கொஞ்சம் பிடிக்குது, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கேன். அங்க வேண்டியவங்க யாராவது ஒருத்தரோட நம்பர் கேப்பாங்க. உங்களோடது குடுத்துடட்டுமா? பரவால்லையா?”

“இதெல்லாம் கேக்கணுமா சார்! நான் இப்பவே கிளம்பி வரேன்.”

“நீங்க அங்க வந்து என்ன செய்யப் போறீங்க? எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. சாவி கீழ செக்யூரிட்டி கிட்ட இருக்கு. சாயங்காலம் ஹால் லைட்ட மட்டும் போட்டுட்டு வாங்க. இருட்டா இருந்தா நல்லா இருக்காது.”

நெஞ்சு வலியோடு வாடகைக் காரில் தனியாகப் போகிற மனிதர், யார் நம்பரைக் கொடுப்பது என்று யோசித்திருக்கிறார். யோசித்து, மாதம் ஒருமுறை வலையின் மறுமுனையைப் பிடிக்கும் ஒருத்தியின் நம்பரைக் கண்டுபிடித்திருக்கிறார். அதற்கும் பரவாயில்லையா என்று அனுமதி கேட்கிறார்.

நான் ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் ஓடினேன். அவரை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள், பார்க்க விடவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, சரி, சொன்ன வேலையையாவது செய்வோம் என்று நியூ டவுன் போனேன். அத்தனை வருடப் பழக்கத்தில் அவர் வீட்டுக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் முறை. நம்மில் யாருமே போனதில்லை. அவர் கூப்பிட்டதில்லை. ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் அவரே கேட் வரைக்கும் இறங்கி வந்துவிடுவார்.

கதவைத் திறந்தேன். இருட்டில் மோட்டார் சத்தம், தண்ணீர் சத்தம். சுவரைத் தடவி லைட்டைப் போட்டேன்.

ஹால் முழுக்கத் தொட்டிகள். இரண்டு படுக்கையறையிலும் தொட்டிகள். குளியலறையில் பிளாஸ்டிக் டப்புகள். மனிதர் நடப்பதற்கு நடுவே ஒற்றையடிப் பாதை, படுப்பதற்கு ஹால் ஓரத்தில் ஒரு ஒற்றைக் கட்டில். எல்லாத் தொட்டியிலும் கறுத்து, முரடு தட்டி, வயிற்றைக் காட்டிக்கொண்டு கண்ணாடியில் ஒட்டியிருந்தவை சக்கர் மீன்கள். எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி உள்ளே இறக்கியிருந்த வெள்ளரித் துண்டுகளைச் சில மீன்கள் கரண்டிக்கொண்டிருந்தன. நம் எமதர்மராஜா கொண்டுபோன உயிர்கள் எல்லாம் அங்கே பத்திரமாக இருந்தன. நாட்டு மீன் ஒன்றுகூட இல்லை. ஒன்றுகூட!

எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபம். எங்களையெல்லாம் முட்டாளாக்கிவிட்டாரே என்று கோபம். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் அவரை எப்படித் திட்டுவது என்று திரும்பி வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ‘செம்மலாம் செம்மல், பொன்னாடையைத் திருப்பிக் கொடுங்க சார்’ என்று ஆரம்பிப்பதாக இருந்தேன். அவர் என்ன பதில் சொல்வார் என்பதைக்கூட நானே சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். மறுநாள் காலை நான் கிளம்பும் முன்பே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிட்டது. அந்தத் திட்டு இன்னும் என் தொண்டையிலேயே இருக்கிறது.

கீதாஞ்சலி வந்து அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். “ஆன்ட்டி, அப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. வீடியோ கால்ல எப்பவும் பின்னாடி வெறும் செவுருதான் தெரியும். காலி வீட்ல உக்காந்திருக்கார்னே நெனச்சிட்டிருந்தேன்” என்றாள். தவறு அவளுடையதல்ல. அவர் அந்த ஒரே காலிச் சுவரைத் தேடி நாற்காலி போட்டிருந்திருக்கிறார்.

இப்போது இந்த மீன்களை என்ன செய்வது? தலைவர் என்னிடம் நேரடியாகவே சொன்னார். “விதின்னா எல்லாருக்கும் விதிதானே மகேஸ்வரி. நாட்டு மீன் மன்றத்துக்காரா வீட்ல இதை வெச்சிண்டிருந்தா வெளில என்ன பேசுவா?” நியாயமான கவலை. மாதவ் வேறு என்னைத் தனியே அழைத்து, “ஆன்ட்டி, ஒருவிதத்துல நாமளும் அயல் மீன்தானே? தாத்தா காலத்துல யாரோ கொண்டுவந்து இங்க விட்டுட்டாங்க” என்று கண் கலங்கினார். நான் சொன்னேன், “சும்மா இரு மாதவ். நாம யார் வலையையும் கிழிக்கல.” அந்த மாதிரிப் பேச்செல்லாம் சாருக்கும் பிடிக்காது. சக்கர் மீன் ஆற்றுக்குக் கெடுதல். அதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. நம்மில் யாரையும்விட அதிகமாக அதை ஆற்றிலிருந்து அப்புறப்படுத்தியவரும் அவர்தான்.

ஆனால் தலைவரே, நம் விதியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அயல் மீன் மறுபடி ஆற்றுக்குள் போகக்கூடாது. அவ்வளவுதான் விதி. சாக வேண்டும் என்று அதில் எங்கே இருக்கிறது? அதை நாமாகச் சேர்த்துப் படித்துக்கொண்டோம். அவர் உள்ளதை உள்ளபடி படித்தார். தனக்கு ஆசையான கொல்ஷேக்களை நமக்குக் கொடுத்துவிட்டு, எவருக்கும் வேண்டாத மீன்களுக்குத் தன் படுக்கையறையைக் கொடுத்தார். இதற்குப் பெயர் என்ன? எனக்குத் தெரியவில்லை. பட்டம் கொடுத்துப் பழகிய நமக்கு இதற்கு ஒரு பட்டமும் கிடைக்காது.

அவர் போன நாளிலிருந்து மாலையில் போய்த் தீனி போட்டு வருகிறேன். நேற்று வெள்ளரி நறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு வங்காள அண்ணி, பௌதி என்றுதான் கூப்பிடுவேன், கதவைத் தட்டினார். நல்ல பெண்மணி. வங்காளத்தில் மெல்லக் கேட்டார்.

“தாதா வீட்டுக்காரங்க எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்களா?”

“எந்த வீட்டுக்காரங்க பௌதி?”

“தினமும் சாயங்காலம் பேச்சுச் சத்தம் கேக்குமே. தாதா சிரிப்பார், அதட்டுவார், யாரையோ சாப்பிடச் சொல்லுவார். உங்க பாஷை எங்களுக்குப் புரியாது. பெரிய குடும்பம், ஆனா வெளிய யாரும் வர்றதில்லன்னு எங்க வீட்ல பேசிப்போம். இப்ப நாலஞ்சு நாளா சத்தமே இல்லையே, அதான் கேட்டேன்.”

சபையோரே, கொல்கத்தாவில் பிறந்து, சாகும்வரை வங்காள மொழியில் பேசிச் சிரித்த மனிதர் அவர். மனைவி போன பின் தமிழில் சிரிக்கவும் அதட்டவும் அவருக்கு யார் இருந்தார்கள்? நம்மோடு பேசியது மாதம் ஒரு ஞாயிறு. மற்ற நாட்களின் பேச்சையெல்லாம் அந்த ஊமை மீன்கள் கேட்டிருக்கின்றன.

ஆகவே இந்தச் சபையில் நான் உறுதி கூறுகிறேன். நாளைக் காலை சூர்ணி ஆற்றுப் பயணம் உண்டு. அவர் இல்லை என்று நிறுத்தப் போவதில்லை. வலை வரும், கொல்ஷே வரும், சக்கர் மீனும் வரும். வருகிற சக்கர் மீனைத் தூக்க அவர் இல்லாததால் யாரும் வானத்தைப் பார்க்க வேண்டாம், நான் தூக்குகிறேன். ஜாதவ்பூரில் என் வீட்டுப் பின்பக்கம் பழைய சௌபாச்சா இருக்கிறது. தண்ணீர் பிடித்து வைக்கக் கட்டிய பெரிய சிமென்ட் தொட்டி. அதன் மேல் கம்பி வலை அடிக்க ஆள் சொல்லிவிட்டேன். செந்தில்நாதன் சார் வளர்த்த அத்தனை மீன்களும் அங்கே வரட்டும். ஒன்றுகூட ஆற்றுக்குப் போகாது, சாக்கடைக்கும் போகாது. தலைவர் அனுமதிக்க வேண்டும்.

தலையசைக்கிறார். நன்றி தலைவரே. கீதாஞ்சலி, நீ நிம்மதியாகக் கிளம்பு அம்மா.

இதைத் தியாகம் என்று நினைத்து யாரும் கைதட்டிவிடாதீர்கள். என் வீட்டிலும் சாயங்காலம் பேச ஆளில்லை.